நாங்கள் கொடுத்த குலையை நாங்களே ஏலத்தில் எடுத்தோம்

ரப்பர் கடை எட்வினைத்தானே சொல்கிறாய், லில்லி? அவன் என்றைக்கும் அப்படித்தான். அன்றைக்கும் கோயில் முற்றத்தில் இழுத்துப் போட்ட பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, ஏலம் கேட்கிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து வெயில் ஏறிவிட்டது. மேசைமேல் எங்கள் வீட்டுச் செந்துளுவன் வாழைக்குலை கிடந்தது. அதன் சிவப்பு நிறம் ரோட்டிலிருந்தே தெரியும்.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாய் அல்லவா? போன வாரம் பத்திரிகையில் வந்த என் கிடாரியின் கதையில், அதை அவிழ்த்து விட்டது நீதான் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். பேத்தி அபிஷா போனில் வாசித்துக் காட்டியபோது கண்டுபிடித்துவிட்டேன். நான் எழுத்துக் கூட்டத் தெரியாதவள் என்பதால் பால்வாடி டீச்சர் நீ இஷ்டத்துக்கு வெட்டலாமா? இந்த வாரமும் உனக்குப் பங்கு உண்டு. அதை விடாதே.

அந்தக் குலை ராஜன் வளர்த்தது. என் மூத்த மகனை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். விடியும் முன்னே அடுத்தவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறவன். அவன் பெண்சாதி முந்திரிப்பருப்பு உடைக்கிற அண்டியாபீஸில். இருவருக்கும் ஒரே பெண், அபிஷா. அவள் பன்னிரண்டாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கே முதலாவதாக வந்தாள் என்று கேட்ட அன்றைக்கே, கிணற்றடியில் நின்ற குலையைக் கோயிலுக்கு என்று ராஜன் நேர்ந்துவிட்டான்.

நம் சபையில் வழக்கம் அதுதானே. முட்டை கொண்டுவருகிறவர்கள் உண்டு, ஒரு மூடு மரச்சீனிக்கிழங்கு கொண்டுவருகிறவர்கள் உண்டு, சேவல் கொண்டுவருகிறவர்கள் உண்டு. ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும். கடை விலையை அங்கே யாரும் நினைக்க மாட்டார்கள். தான் கொடுத்ததைத் தானே கேட்டு எடுப்பது ஒரு கௌரவம். அடுத்தவன் எடுத்துவிட்டால் வீட்டுக்காரனுக்கு முகம் தொங்கிவிடும்.

நான் கல்யாணம் ஆகி வந்த புதிதில் இப்படி ஒரு ஏலத்தில் சேவல் கட்டை அறுத்துக்கொண்டு கோயிலுக்குள் ஓடிப் பிரசங்க பீடத்தில் ஏறி நின்றுவிட்டது. பீடத்தில் ஏறிய சேவல் என்று அதற்கு விலை கூடிப்போயிற்று. எடுத்த வீட்டார் அதைக் கடைசிவரை அறுக்கவே இல்லை. கிழடாகி, தானாகவே செத்தது.

என்ன சொல்ல வந்தேன்? குலை. என் இளைய மகன் செல்வின் மஸ்கட்டில் வெல்டிங் வேலைக்குப் போய் வருஷங்கள் ஆயிற்று. பண்டிகையைப் பார்க்க வேண்டும் என்று அவன் வீடியோவில் வந்திருந்தான். அபிஷா போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏலம் விட்டது சபைச் செயலாளர் தவமணி சார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றாலும் குரல் ஓய்வு பெறாத மனிதர்.

எட்வின் ஒரு தொகை கேட்டான். உடனே போனுக்குள்ளிருந்து செல்வின் அதற்கு மேல் சொன்னான். அதை அபிஷா சத்தமாகக் கூவினாள். எட்வின் ஏற்றினான். சித்தப்பா ஏற்ற, அவள் கூவ, கூட்டம் கைதட்ட ஆரம்பித்துவிட்டது. நீ அவள் பின்னால் நின்று, விடாதே பிள்ளே, கூட்டிச் சொல்லு என்று முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாய். எழுது, எழுது. அதைத்தான் உன் பங்கு என்றேன்.

கடைசியில் எட்வின் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். மூன்று தரம் சொல்லி முடித்தார் தவமணி சார். அந்தத் தொகை என்ன என்று நீ எழுத வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம் என்று மட்டும் எழுது. எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை. ராஜன் முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

அந்தப் பண்டிகைக்கு முந்தின வாரம்தான் அபிஷா சபைக் கமிட்டியில் படிப்பு உதவிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். ஏலச் சத்தத்தில் அது அவளுக்கே நினைவில் இல்லை.

என்னிடமும் ஒரு கேள்வி கேட்டார்கள்

அவள் சேர நினைத்தது காதுப் படிப்பு. காது கேளாத பிள்ளைகளைச் சோதித்து, மெஷின் வைத்து, பேசப் பழக்குகிற படிப்பாம். நம் பக்கத்தில் பெண்பிள்ளை என்றால் நர்சிங் என்பார்கள். இது என்ன புதிதாக என்று கேட்டேன். அதற்கு ஆள் குறைவு, வேலை உண்டு என்று டீச்சர் சொன்னதாகச் சொன்னாள். கவுன்சிலிங்கில் சென்னையில் இடமும் கிடைத்துவிட்டது.

இடம் கிடைத்தால் போதுமா? பீஸ், ஹாஸ்டல், சாப்பாடு. வீட்டில் முதலாவதாகப் பட்டம் படிக்கிற பிள்ளைக்கு அரசு பீஸில் சலுகை தருகிறது. அதற்குச் சான்றிதழ் வாங்கக் கிராம அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் வேறு யாரும் காலேஜ் படித்ததில்லை என்று அவர்களுக்கு நிச்சயம் வேண்டும். அங்கே இருந்த பெண் அப்பாவைக் கேட்டாள், அம்மாவைக் கேட்டாள், பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பாட்டி, நீங்க காலேஜ் போனதுண்டா?"

"உண்டு மக்கா. பேத்திக்கு அப்ளிகேஷன் வாங்க நேத்துப் போனேன்."

அவள் சிரித்து அடங்க நேரமாயிற்று. என்னை ஜென்மத்தில் ஒருவரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. வரும் வழியெல்லாம் எனக்கு நல்ல சந்தோஷம். திருவட்டாறு ஜங்ஷனில் இறங்கி ஆளுக்கு ஒரு சர்பத் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம்.

அரசுச் சலுகையில் பீஸ் பெரும்பாலும் அடங்கியது. ஹாஸ்டலும் சாப்பாடும்தான் நின்றன. அதற்கு நம் சபையின் படிப்பு உதவியைத்தான் மலை போல் நம்பியிருந்தோம். ஹாஸ்டலுக்குக் கட்டாவிட்டால் சென்னையில் அவள் எங்கே தங்குவாள்? கட்ட வேண்டிய கெடுவுக்கும் அதிக நாள் இல்லை. கெடு தப்பினால் அந்த இடமே போகும்.

குலை தொங்கிய வீட்டில்

தவமணி சார் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். வேறு ஆளிடம் சொல்லியனுப்பாமல் நேரில் சொல்ல வந்தார். வந்த நேரத்தில் குலை எங்கள் முன்னறை உத்திரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வீடெல்லாம் பழ வாசனை. நானும் சும்மா இருக்காமல் அதிலேயே நல்ல பழமாகப் பார்த்துப் பிய்த்து, தட்டில் வைத்து, சாயாவோடு அவர் முன்னால் கொண்டு வைத்தேன்.

அவர் பழத்தைத் தொடவில்லை. உத்திரத்தைப் பார்த்தார், ராஜனைப் பார்த்தார்.

"ராஜா, பிள்ளைக்குக் குடுக்கப்படாதுன்னு இல்லை, கேட்டியா. அந்தக் குலையை அந்த வெலைக்கு எடுத்த வீட்டுக்குப் படிப்புக் காசு குடுத்தா, நாளைக்கு எனக்குச் சபையில எந்திச்சு நிக்க முடியுமா? இல்லாத பிள்ளைகளுக்குள்ளதாக்கும் அது."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவரேதான் ஏலம் விட்டவர். கண்ணால் பார்த்தவர், காதால் கேட்டவர்.

ராஜன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குலை எடுத்தது தம்பி, நான் இல்லை, எனக்குப் பால் வெட்டுக்கூலிதான் என்று சொல்லியிருக்கலாம். மழைக்காலத்தில் அந்தக் கூலியும் கிடையாது என்று சொல்லியிருக்கலாம். அவன், சரி சார் என்றான். அவ்வளவுதான். என் மகனுக்கு இல்லை என்கிற வார்த்தை வாயில் வராது. அவன் அப்பாவுக்கும் வராது. கடையில் அரிசி வாங்கப் போனால்கூட, இருக்கிறது, இருந்தாலும் கொஞ்சம் கொடு என்றுதான் அந்த மனிதர் கேட்பார்.

தவமணி சார் படியிறங்கிப் போன பிறகு பழத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அபிஷா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அழவில்லை. ஏலத்தில் கூவியதில் தொண்டை கட்டி, குரல் இன்னும் சரியாகாமல் இருந்தது அவளுக்கு. அந்தக் குரலிலேயே, வேற வழி பாக்கேன் பாட்டி என்றாள்.

மலைக்கு ஓடிய பிள்ளை

அன்றிலிருந்து போனும் கையுமாக உட்கார்ந்தாள். உதவி செய்கிறவர்கள் உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்வாள். ஒன்று மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு. நாம் முட்டத்துக் கடற்கரையில் பிறந்திருக்கலாம் என்றேன். ஒன்று ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவர்களுக்கு. ஒன்று எல்லாம் பொருந்தி வந்து, கடைசி நாள் முந்தின நாளோடு முடிந்திருந்தது. இன்னொன்று இரண்டாம் வருஷத்துக்குப் போனால்தான்.

பொருந்தியவற்றுக்கு எழுதினால் ஓடிபி என்று ஒன்று வரும். அந்த எண்ணைச் சட்டென்று திருப்பிப் போட வேண்டும், ஆறிவிட்டால் செல்லாது. தோசை மாதிரி. இவள் எல்லாவற்றுக்கும் அப்பா நம்பரைக் கொடுத்து வைத்திருந்தாள். அப்பாவோ விடியற்காலையிலேயே போனோடு ரப்பர் மலையில். அங்கே ரேஞ்சும் கிடைக்காது. இவள் வரப்பிலும் ஓடையிலும் விழுந்தடித்து மலைக்கு ஓடுவாள். அவள் போய்ச் சேர்வதற்குள் அது ஆறிவிடும். ராஜன் பால் ஒழுகுகிற கையோடு போனைப் பிடித்துக்கொண்டு பாறைமேல் ஏறி நிற்பான். சிரிக்கவும் தோன்றும், காலண்டரைப் பார்க்கவும் தோன்றும். நாள் போய்க்கொண்டே இருந்தது அல்லவா.

அந்தச் சமயத்தில்தான் செல்வின் கூப்பிட்டான். ஹாஸ்டலுக்கு எப்போது போகிறாய் என்று சாதாரணமாகக் கேட்டான். அவள் மறைக்கவில்லை, குற்றமும் சொல்லவில்லை. தவமணி சார் வந்ததை, சொன்னதை அப்படியே சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

அவன் ஒன்று மட்டும் கேட்டான். கமிட்டி எப்போது கூடும்?

மெதுவாகப் பேசினான்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு கோயிலை ஒட்டிய அறையில் கமிட்டி கூடியது. நானும் அபிஷாவும் போனோம். ராஜன் வந்தான், ஆனால் உள்ளே வரவில்லை. மணிக்கூண்டுக்குக் கீழே நின்றுகொண்டான்.

சித்தப்பா ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்கிறார் என்று அபிஷா கேட்டு, போனை மேசைமேல் பாட்டுப் புத்தகத்தில் சாய்த்து வைத்தாள். எட்வினும் கமிட்டியில் உண்டு. அடுத்த குலையையும் போனிலேயே எடுக்கப் போகிறானோ என்று கிண்டல் செய்தான். நாலு பேர் சிரித்தார்கள்.

செல்வின் தோத்திரம் சொன்னான். அது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமாப் பேசுடே," என்றார் தவமணி சார்.

"பேசப்படாது சார். எல்லாரும் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து ஒறங்குகாவ."

என்ன சொல்கிறான் என்று புரியாமல் எல்லோரும் மேசைமேல் குனிந்தார்கள். அவன் போனைத் திருப்பினான்.

நீ பார்க்கவில்லை லில்லி. ஒரு அறை. நம் ஆட்டுக்கூட்டைவிடக் கொஞ்சம் பெரியது. சுவரோடு சுவராகக் கட்டில்மேல் கட்டில். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு. நடுவே கயிற்றில் சட்டைகள். கட்டிலுக்கு அடியில் பாத்திரம், அடுப்பு, செருப்பு. எல்லாவற்றையும் அவன் மெதுவாகக் காட்டினான்.

"இது எனக்க ரூம் சார். அந்த மேல் கட்டில் எனக்குள்ளது. குலைக்குச் சொன்ன காசு, இதுல ஒறங்குகவங்ககிட்ட கடன் வாங்கி அனுப்பினதாக்கும். அண்ணனுக்கு இது ஒண்ணும் தெரியாது. அவரு வாயத் தொறந்து கேக்கவும் மாட்டாரு. அதுனால நான் கேக்கேன். பிள்ளைக்கு அந்த உதவி வேணும்."

எட்வின் சிரிப்பை நிறுத்திவிட்டான். "பின்ன என்னத்துக்குடே அன்னைக்கு அவ்வளவு ஏத்தினே?"

"எங்க வீட்டுல ஒரு பிள்ளை அவ்வளவு மார்க் வாங்கியிருக்கு அண்ணே. ஒரு நாளாவது எங்க பேரு எல்லாருக்கும் மேல நிக்கட்டும்னு தோணிச்சு. பிள்ளை இங்க எழுதிக் குடுத்தது எனக்குத் தெரியாது."

இத்தனை வருஷமும் அவன் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் பின்னால் ஒரு கண்ணாடிக் கட்டிடமும் பச்சைப் புல்லும் தெரியும். அதில் உன் மாடி எதுலே என்று நான் கேட்பேன். மேலே என்று கையைக் காட்டுவான். அந்த அறையை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். கமிட்டியில் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்றெல்லாம் நினைத்துத்தான் போயிருந்தேன். ஆனால் அந்த மேல் கட்டிலைப் பார்த்ததும் கேட்டுவிட்டேன்.

"லே, தலையணைக்கு ஒரு உறை இல்லியா?"

"தோச்சுப் போட்டிருக்கேம்மா," என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. தவமணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்வின்தான் முதலில் பேசினான். ஏலத்தில் அவனுக்கு அடுத்தபடி கேட்டவன் நான், ஆகவே அந்தக் குலை என் பெயரில் இருக்கட்டும், காசை நான் தருகிறேன் என்றான். குலை ஊரெல்லாம் கொடுத்துத் தின்று தீர்ந்துபோயிற்றே என்று நான் சொன்னேன். வாழைத்தண்டாவது கிடக்கிறதா என்று கேட்டான். அதையும் நறுக்கித் தோரன் கறி வைத்துவிட்டோம் என்றேன். அப்போதுதான் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. போனுக்குள் செல்வின்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"வேண்டாம் அண்ணே. கோயிலுக்குச் சொன்னதை நான்தான் குடுக்கணும்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். நானும் அபிஷாவும் போய் ராஜனோடு மணிக்கூண்டு நிழலில் நின்றோம். உள்ளே என்ன நடந்தது என்று அவன் கேட்கவில்லை. ஜன்னல் திறந்துதான் இருந்தது, எல்லாம் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். பிள்ளையின் தலையில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு இலையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான்.

தவமணி சார் வெளியே வந்து நேராக ராஜனிடம் போனார். ஹாஸ்டலும் சாப்பாடும் சபை பார்த்துக்கொள்ளும் என்றார். ஒன்றே ஒன்று, உதவி வாங்குகிற பிள்ளைகளின் பெயரை அடுத்த ஞாயிறு ஆராதனையில் வாசிப்பது வழக்கம், அதற்கு உனக்குச் சங்கடம் உண்டா என்று கேட்டார்.

நான் ராஜனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று எனக்குப் பயம்.

"வாசிங்க சார்," என்றான்.

முன் பெஞ்சு

எப்போதும் வாசல் பக்கத்துக் கடைசி பெஞ்சில் இருக்கிறவன், அந்த ஞாயிறு வெள்ளைச் சட்டை போட்டு முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். பெயர் வாசித்தபோது பிள்ளையோடு அவனும் எழுந்து நின்றான். அவன் எழ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அபிஷா சென்னைக்குப் போய் இப்போது இரண்டாம் வருஷம். முந்தி ஆறிப்போகாமல் தப்பித்த ஒரு விண்ணப்பத்திலிருந்து புத்தகத்துக்கும் கொஞ்சம் வருகிறது. எந்த உதவிக்கு எந்த நாள் கடைசி என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடம் முடிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். ஓடிபிக்குப் பால் வெட்டுகிறவர் நம்பரைக் கொடுக்காதே என்பதுதான் அவள் சொல்கிற முதல் புத்தி.

செல்வின் இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டே என்னைக் கூப்பிடுகிறான். கண்ணாடிக் கட்டிடத்தைக் காணோம். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு லீவு, எல்லோரும் விழித்திருப்பார்கள். போன் ஒவ்வொரு கட்டிலாகப் போகும். எனக்கு எல்லோரையும் தெரியும். கீழ்க் கட்டிலில் பெங்காலி ரஃபிக், பாஷை புரியாவிட்டாலும் வளவளவென்று என்னோடு பேசுவான். மூலையில் ஒரு மலையாளி பாபு, அவன் வைக்கிற மீன்கறியை எனக்கு முகர்ந்து பார்க்கக் கொடுப்பதுபோல் போனுக்கு நேரே நீட்டுவான். நேபாளத்துப் பையன் ஒருவன் உண்டு, அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு ஓடிவிடுவான். அபிஷாவின் பரீட்சை மார்க் எனக்கு முன்னால் அந்த அறைக்குத் தெரிந்துவிடுகிறது.

கீழத்தெரு ஜஸ்டின் நாளைக்கு மஸ்கட் போகிறான். அவன் பெட்டியில் இடம் கேட்டு வாங்கிவிட்டேன். முந்தியெல்லாம் செல்வினுக்கு என்று சின்ன டப்பாவில் முந்திரிக்கொத்துப் பலகாரம் அனுப்புவேன். பத்து நாளைக்கு வரும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த அறையில் எத்தனை வாய் என்று தெரிந்த பிறகு சின்ன டப்பா சரிப்படுமா? பெரிய தகர டின் கழுவிக் காயவைத்திருக்கிறேன். சிறுபயறு வறுத்துப் பொடித்து, பாகு காய்ச்சிக் கிளறி, எல்லாம் உருட்டியாயிற்று. மாவில் முக்கிப் பொரிக்க வேண்டியதுதான் பாக்கி. தலையணை உறையும் தைத்து வைத்திருக்கிறேன், கட்டிலுக்கு ஒன்றாக. அது உடையாது, டின்னைச் சுற்றிப் பொதியலாம்.

பிறகு அந்த நேபாளத்துப் பையனின் அம்மா ஒருநாள்... ஐயோ, எண்ணெய் புகைகிறது. பேனாவை வை லில்லி, கை கழுவிவிட்டு வா. நீ மாவில் முக்கி மூன்று மூன்றாக ஒட்டிப் போடு, நான் திருப்புகிறேன்.